ஆள் கணக்கில் ஒன்று குறைவு

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. இறால் கம்பெனியில் அபாயச் சங்கு ஊதியது.

2. இறால் உரிக்கும் கூடத்திலிருந்து பெண்கள் ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இது ஒத்திகை என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

3. பேக்கிங், ஐஸ் அறை, ஆபீஸ், கேன்டீன் என்று எல்லாரும் முன் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

4. சேஃப்டி ஆபீசர் ஆள் கணக்கு எடுத்தார். ஒன்று குறைந்தது. மறுபடி எடுத்தார். மறுபடியும் ஒன்று குறைந்தது.

5. குறைந்த ஆள் பின் கேட்டில் இருந்தார். அம்மோனியா இயந்திர அறைக்கு முதுகைக் காட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு அப்போதும் ஊதிக்கொண்டுதான் இருந்தது.

6. அவர் என் அப்பா.

7. சங்கை அழுத்தியது நான்.

ஏழாவதை விளக்க வேண்டும். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஆலைகளில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் அபாயச் சங்குகளையும் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முத்தையாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். இறால் கம்பெனி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. இறாலை உறைய வைக்க அம்மோனியா வேண்டும். குழாய்க்குள் இருக்கிற வரைக்கும் அது சாதுவான வேலைக்காரன். வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், அடுத்து தொண்டையை. நிறைய வந்துவிட்டால் மூன்றாவதாக எதைப் பிடிக்கும் என்று சொல்ல ஆள் இருக்காது. அதற்காகத்தான் சங்கு. சில மாதங்களுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல் அதை ஊதிப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

அப்பா அங்கே செக்யூரிட்டி. ராணுவத்தில் பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். எங்கள் பக்கம் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகும். வந்த புதிதில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். சொந்தக்காரர்களின் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சலிக்கத் தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு கேட்டில் போய் நிற்பார்கள். துறைமுகச் சாலையில் எந்தக் கேட்டில் வண்டியை நிறுத்தினாலும் நிமிர்ந்த முதுகோடு ஒருவர் வந்து பெயர் கேட்பார்.

அன்று சேஃப்டி ஆபீசருக்குப் பின்னால் நானும் ஓடினேன். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். எங்களைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆபீசரின் வாயைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சங்கு ஊதுதுல்லா? ஏன் வரலை?"

கேள்வி புரிய அப்பாவுக்கு ஒரு கணம் பிடித்தது. இயந்திர அறையின் கூரையில் இருந்த சங்குக் கூம்பை நிமிர்ந்து பார்த்தார். அது ஊதிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதை நான் பார்த்தேன்.

"பதிலுக்கு ஆள் வராம போஸ்டை விட்டுட்டு எப்படி சார் வாரது?" என்றார்.

மேனேஜரும் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா? இதான் மிலிட்டரி! நம்ம ஆளுகன்னா செருப்பை விட்டுட்டு ஓடியிருப்பானுங்க" என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேஃப்டி ஆபீசர் மட்டும் மெதுவாக, "சார், ஒத்திகைல எல்லாரும் வரணும்ங்கிறதுதான்..." என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

நான் சங்கை நிறுத்தப் போனேன். போகும் வழியில் வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. குக்கர் விசில் எத்தனை என்று அம்மா கேட்டால் அப்பா எப்போதும் "மூணு" என்றுதான் சொல்வார். செல்போனை எங்கேயும் வைக்க மாட்டார், சட்டைப்பையில் அதிர்வில்தான் இருக்கும். சாப்பிடும்போது எங்கள் முகங்கள் தெரிகிற மாதிரி சுவரோரம்தான் உட்காருவார். பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். "பீரங்கியோட குடும்பம் நடத்துனவுகளுக்கு நாம பேசுறதெல்லாம் கொசு கத்துற மாதிரி" என்று அம்மா சொல்வாள். அது கேலி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம், சொன்ன அம்மா உட்பட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, ஆலைச் சங்கின் அதே சுருதியை என் செல்போனில் ஒலிக்க விட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். லாரி ஹாரன் அளவுக்குக் கீழே வந்ததும் திரும்பினார்.

"எவம்ல அது, தெருக்குள்ள வண்டியக் கொண்டாந்துட்டான்?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நகவெட்டியை மடித்து வைத்தார்.

"துப்பாக்கிச் சத்தம் வேற, பீரங்கிச் சத்தம் வேற" என்றார். "பீரங்கி காதுல கேக்காது, ஏளா. நெஞ்சுல கேக்கும். காதுக்குப் பஞ்சு குடுப்பானுவ. வச்சா ஆர்டர் கேக்காது. ஆர்டர் கேக்கலைன்னா திட்டு விழும். காது போனதுக்கு யாரும் திட்ட மாட்டான்லா? அதனால வைக்கல."

"அப்போ ஆர்டர் எப்படிக் கேட்டுச்சு?"

"நம்பர் ஒன் கையைத் தூக்குவான். கை கீழ விழுந்தா சுடணும். கையைப் பாத்தாப் போதும். காது எதுக்கு?"

ஒரு பீரங்கியைச் சுற்றி நிற்கும் ஆட்களில் தலைவனுக்கு நம்பர் ஒன் என்று பெயர். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே அப்பா பல வருஷங்களை ஓட்டியிருக்கிறார். கடைசியில் ஊருக்கு அனுப்பும் முன் நடக்கிற மருத்துவச் சோதனையிலும் டாக்டரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லித் தப்பித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"மெடிக்கல் கேட்டகரியக் கொறச்சிட்டான்னா ஊருல வந்து எந்தக் கேட்டுலயும் நிக்க முடியாது."

"செக்யூரிட்டி ஏஜென்சியிலயும் காது டெஸ்ட் வச்சாங்கல்லா?"

அப்பா சிரித்துவிட்டார். "வச்சாவ. டாக்டர் எனக்குப் பின்னால நின்னு குசுகுசுன்னு நம்பர் சொன்னாரு. எனக்கு முன்னால வரிசையில உன் ஜோடி மாமா நின்னான். வெரலை மடக்கிக் காட்டிக்கிட்டே இருந்தான்."

ஜோடி மாமா என்பவர் தருவைகுளத்துக்காரர். மீன்பிடிக்கும் குடும்பம். காலாட்படையில் இருந்தவர். பட்டாளத்தில் எந்த வேலைக்கும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள், ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு. அப்பாவும் அவரும் வேறு வேறு படைகளில் இருந்தவர்கள். சந்தித்ததே ஏஜென்சி ஆபீஸ் பெஞ்சில்தான். ஆனாலும் அன்றிலிருந்து ஜோடி. அந்தப் பெயரே எங்கள் வீட்டில் அவருக்கு நிலைத்துவிட்டது. பனிமலைக் காவலில் இரண்டு கால்களிலும் விரல்கள் கறுத்து வெட்டி எடுத்தாகிவிட்டது. பூட்ஸின் முன்பாதியில் பஞ்சு அடைத்து, குதிகாலில்தான் நடப்பார். நின்றால் ஒன்றும் தெரியாது. ஓடச் சொன்னால் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். அப்பாவோடு அதே பின் கேட்டில்தான் அவருக்கும் வேலை. சங்கு ஊதிய நாளில் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு லீவு போட்டிருந்தார். அப்பா தனியாக இருந்தது அதனால்தான். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் வெளியாகிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"ஒம் புள்ள கண்டுபிடிச்சிட்டாளா? படிக்க வச்சேல்லா, அனுபவி!"

"நீ ஒரு நாள் லீவு போட்டே. மானம் போச்சு."

"ஏலே, நீ காதுல வைக்காம விட்ட பஞ்சையெல்லாம் நான் பூட்ஸுல வச்சிருக்கேன். எனக்கு ஒரு நாள் லீவு கிடையாதோ?"

சிரித்துக்கொண்டேதான் அவர்களுடைய ஏற்பாட்டைச் சொன்னார்கள். சங்கு கேட்டால் மாமா தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். அப்பா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவார். வாக்கி-டாக்கியில் பேசுவது மாமா. லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்து வருவது அப்பா. பின் கேட்டில் இரண்டு ஆள் போட்டிருந்தார்கள். உண்மையில் அங்கே நின்றது ஒரு முழு ஆள்.

"இவன் காலு, நான் காது" என்றார் மாமா. "வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லாருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. "ஒருத்தர் வராத அன்னைக்கு நெசமாவே சங்கு ஊதியிருந்தா?" என்று கேட்டாள். அதற்கு இரண்டு பேரும் காபியைக் குடித்தார்கள்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் மேனேஜர் அப்பாவுக்குச் சால்வை போட்டார். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். சங்கு ஊதியும் நகராத வீரரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். இறால் உரிக்கும் பெண்கள் கை தட்டினார்கள். அப்பா அட்டென்ஷனில் நின்றார். எதிர் வரிசையில் முதலில் தட்டத் தொடங்கிய கையைப் பார்த்து, தலையை லேசாகத் தாழ்த்தினார். பேச்சின் கடைசியில் மேனேஜர் சொன்னார்: இப்படிப்பட்ட ஒருவர் இருக்கும்போது பின் கேட்டுக்கு இரண்டாவது ஆள் தேவையே இல்லை. இனி அவர் ஒருவரே போதும். மற்றவர் முன் கேட்டுக்கு வந்துவிடலாம், அங்கே உட்கார ஸ்டூலும் உண்டு.

மாமாவின் கை தட்டுவதற்குச் சேர்த்த நிலையில் அப்படியே நின்றது. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"ஒத்தையிலயா?" என்றார்.

"ஆமா. நாளையிலருந்து."

சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அன்று சொன்ன பதில் பொய் என்றாகும். காது போய்விட்டதென்று தெரிந்தால் அவர் வீட்டுக்கு. விரலை மடக்கிக் காட்டியது யார் என்று கேட்டால் மாமாவும் வீட்டுக்கு.

"நீ சொல்லிராத" என்றார். "அவன் காலைப் பாத்துட்டா அவனை எவன் வேலைக்கு வைப்பான்?"

"அவ சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவேன்" என்றாள் அம்மா.

"போ. போய்ச் சொல்லு. அப்புறம் தெனமும் நான் இந்த வீட்டுக்குத்தான் வெள்ளையடிக்கணும்."

அம்மா சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போய் பீரோவின் அடியில் திணித்தாள். ஆனால் சொல்லப் போகவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் போனேன். இயந்திர அறைப் பக்கம் கம்ப்ரஸர் இரைச்சல் அதிகம், அதனால் சங்கு மட்டும் போதாது, பின் கேட்டிலிருந்து தெரியும்படி ஒரு சிவப்புச் சுழல் விளக்கு வேண்டும் என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நல்ல காது உள்ளவர்களுக்கும் அந்த விளக்கு தேவைதான். "அருமையான யோசனைம்மா, அடுத்த பர்ச்சேஸ்ல பாத்துருவோம்" என்றார் மேனேஜர்.

விளக்கு வரும்வரைக்கும் ஒரு கண்ணாடி. பழைய இரும்புக் கடையில் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றை வாங்கி, கேட் தூணில் கட்டிக் கொடுத்தேன். அப்பா சாலையைப் பார்த்தபடியே முதுகுக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தைப் பார்க்கலாம். உப்புக் காற்று ஒரே நாளில் அதைப் புகை படிந்த மாதிரி ஆக்கிவிடும். தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் துடைத்தார். வாக்கி-டாக்கி கொடுத்தால், கரகரக்கிறது, ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு முறை புதிது கொடுத்தார்கள்.

மாமாதான் காற்றைப் பற்றிச் சொன்னார். கடற்கரைக்காரர் என்பதால் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். "இப்ப வாடைக் காத்து அடிக்குது. கசிஞ்சாலும் எல்லாம் ஆபீஸ் பக்கம் போயிரும். வைகாசிக்கு மேல கச்சான் எடுக்கும். கச்சான் தெக்கு மேற்காலருந்து வரும். மிசின் ரூமைத் தொட்டு நேரா ஒங்கப்பன் மடியிலதான் வந்து விழும்."

அதற்குப் பிறகு ஆலைக்குப் போகும்போதெல்லாம் நான் முதலில் கொடிக்கம்பத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மாசியில் கொடி கடலுக்கு எதிர்த்திசையில் பறந்தது. சித்திரையில் எந்தப் பக்கமும் போகாமல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அந்த மாதம் இயந்திர அறை டிடெக்டரைச் சரிபார்த்தபோது, அது பூஜ்யத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் மேலே நின்றது. கருவியில் பிழையா என்று வேறொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அங்கேயே நின்றது. ஏதோ ஒரு வால்வு மெல்ல மூச்சு விடுகிறது. சேஃப்டி ஆபீசர் இறுக்கச் சொன்னார். இறுக்கினார்கள், இறங்கியது. அடுத்த முறை போனபோது மறுபடியும் கொஞ்சம் மேலே. விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்ட ஒவ்வொரு முறையும் ஆர்டர் போட்டாயிற்று என்றார்கள்.

கச்சான் எடுத்தது. கொடி திரும்பியது.

ஒரு முற்பகல் மேனேஜர் அறையில், அதே விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. மேனேஜர் என்னைப் பார்த்தார். "இன்னைக்கும் டெஸ்டா?"

"நான் இங்க இருக்கேன் சார்."

வெளியே வந்தபோது பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இயந்திர அறைக் கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து, நேராகப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்று வருகிற பக்கத்தில் இருப்பதால் முன் கேட்டில் வாசனைகூட இல்லை. செல்போன்களையெல்லாம் உள்ளே நுழையும்போதே முன் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பாவின் போன் அங்கே மரப்பெட்டியில், சத்தமில்லாமல் கிடந்தது. நான் ஓடத் தொடங்கினேன். சேஃப்டி ஆபீசர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்தது சரி. அந்த விதியை மற்ற ஆலைகளில் வகுப்பெடுத்துச் சொல்கிறவளே நான்தான்: உள்ளே யார் இருந்தாலும் முகமூடி இல்லாமல் யாரும் திரும்பிப் போகக் கூடாது. முகமூடிகள் இயந்திர அறைக்குள் இருந்தன.

"அப்பா! அப்பா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக் கத்தினேன் என்று தெரியவில்லை.

அப்போது பெண்கள் வருகிற வழியில், எதிர்த்திசையில், ஒருவர் போய்க்கொண்டிருந்தார். குதிகாலில் தத்தித் தத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. மாமா. ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. "அண்ணாச்சி, எங்க போறிய? இங்கன வாங்க!" என்று ஒரு பெண் அவர் சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனார். கட்டடத்தின் மூலையில் திரும்பும்போது தொப்பியைக் கழற்றியதை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் வெள்ளை மறைத்துவிட்டது.

வேப்பமரத்தடியில் ஆள் கணக்கு எடுத்தார்கள். இரண்டு குறைந்தது.

பிறகு நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும். நெடி வந்து சேருமுன் கண்ணாடியில் முதலில் ஒன்றும் தெரியவில்லையாம், எல்லாம் வெள்ளை. காலையில் துடைத்தது அதற்குள் உப்புப் படிந்துவிட்டதே என்று நினைத்து, துணியை எடுத்து மறுபடி துடைத்திருக்கிறார். துடைத்த பிறகும் வெள்ளை போகவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை மேலே போய், தொப்பியோடு கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு யோசிக்க எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, மாமாவை முதுகில் தூக்கி, காற்றுக்குக் குறுக்காக உப்பளத்துக்குள் இறங்கிவிட்டார். தீயணைப்பு வண்டி வந்த பிறகு நான் சாலை வழியாகச் சுற்றிப் போனபோது, பாத்தி வரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உப்புத் தண்ணீரை அள்ளி மாமாவின் முகத்தில் ஊற்றப் போனார். நான் தட்டிவிட்டு என் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். மாமா இருமிக்கொண்டே இருந்தார். இருமலுக்கு நடுவில் அப்பாவைப் பார்த்து, "தொடைக்கவா செய்தே? பாவி, கண்ணாடியவா தொடைச்சே?" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு மேனேஜர் வந்தார். கண் கலங்கியிருந்தது. "இப்பவும் பாருங்க, மாத்து ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் போஸ்டை விட்டிருக்கார். இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் விழா எடுக்கணும்" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மாமாவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள்.

"சார்" என்றார் அப்பா. அவருக்குச் சாதாரணமாகப் பேசுவதே அந்த அளவு சத்தம், வராந்தா முழுக்கத் திரும்பியது. "எனக்குச் சங்கு கேக்காது சார். அன்னைக்கும் கேக்கலை. இன்னைக்கும் கேக்கலை. போஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காது செத்துப் பல வருஷம் ஆச்சு."

மேனேஜர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்குச் சொன்னது பொய் சார்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏஜென்சி இருவரையும் விடுவித்துவிட்டது. மரியாதையாகத்தான் விடுவித்தார்கள். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். முடித்துவிட்டு ஒருநாள் தருவைகுளத்துக்குப் போய், மாமாவின் வீட்டுக்கும் அடித்துக் கொடுத்தார். சுண்ணாம்பு நெடி ஆகாது என்று மாமாவை அன்று மகள் வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா பேசினால் இப்போது காற்றும் சேர்ந்து வருகிறது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறார். அப்பாவுக்கு அதனால் ஒன்றுமில்லை. அவர் எப்போதும் உதட்டைத்தான் பார்த்தார்.

வால்வை மாற்றிவிட்டார்கள். முகமூடிகளை இயந்திர அறைக்கு வெளியே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். எல்லாம் முடிந்து நான் மறுபடி சரிபார்க்கப் போனபோது டிடெக்டர் பூஜ்யத்தில் நின்றது. திருப்தியாகப் பின் கேட்டுக்குப் போனேன். அப்பாவின் நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்த முதுகு, ஒட்ட வெட்டிய முடி, தேய்த்த சட்டை. ஒற்றை ஆள்தான். தூணில் என் கண்ணாடி இன்னும் இருந்தது. யாரும் துடைக்காததால் உப்பேறி வெள்ளையாகிக் கிடந்தது.

"வணக்கம் அண்ணாச்சி" என்றேன், அவருக்குப் பின்னால் நின்று.

சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் சத்தமாக, "அண்ணாச்சி" என்றேன். என் கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து சிமென்ட் தரையில் போட்டேன். முற்றத்தில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றதும் சட்டென்று எழுந்து நின்றார். என் வாயைப் பார்த்தார்.

"எந்தப் படையில இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பீரங்கிப் படை, மேடம். ஆர்ட்டிலரி" என்றார். குரல் சாலையின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

ஏஜென்சி டாக்டரின் காது டெஸ்டில் அவர் தேறியிருக்கிறார் என்று சேஃப்டி ஆபீசர் சொன்னார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றது யார் என்று நான் கேட்கவில்லை. நேராக மேனேஜரிடம் போய், ஸ்பேனரைப் போட்டதைச் சொன்னேன், அவர் திரும்பாததைச் சொன்னேன். "பாவம்மா, புதுசா வந்தவர். கவனிச்சிருக்க மாட்டார். ஏஜென்சியில பேசுறேன்" என்றார்.

இப்போது மற்ற ஆலைகளிலும் சங்கை அழுத்துமுன் நான் முதலில் கேட்டில் நிற்பவரைப் பார்க்கிறேன். ஊதியதும் தலையைத் திருப்புகிறாரா, அல்லது மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்த பிறகு திருப்புகிறாரா என்று. பிந்தித் திரும்புகிறவர்களை அந்தந்த மேனேஜர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன். எல்லாரும் கவனித்துக் கேட்கிறார்கள்.

இறால் கம்பெனியின் பின் கேட்டில் அந்தப் புது ஆள் இன்றும் தனியாகத்தான் நிற்கிறார். கச்சான் இன்னும் ஓயவில்லை. சிவப்பு விளக்கு வரவில்லை.